ஊருக்கேற்ற ஊர்தி

விலை கொடுத்து ஒரு பொருளைக் கொள்ளப் புகுவோர் அப்பொருளை நன்கு ஆராய்வர். அதனைக் கொண்டு தாம் செய்யப்போவது யாதென்பதை ஆராய்வோர் சிலரேயாவர். மோட்டார் சைக்கிள் வாங்கும் செய்தியில் இக்குறை பெரிதும் புலப்படுகின்றது. நம் இளைஞர் ஒவ்வொரு வண்டியின் இயந்திர அளவையும் அறிவர். குதிரையாற்றலைத் தசமபின்னத்தோடு ஒப்பிப்பர். எந்நிறம் எவ்வாண்டிற் புதிதாக வந்ததென்பதும் அவர்க்கு மனப்பாடம். நாடோறும் தாம் செல்லும் வழி எத்தனை கிலோமீட்டர், அவ்வழியில் எத்தனை முறை நின்று செல்ல நேரிடும், பின்னால் அமர்ந்து வருவோர் யாவர் என்று வினவினாலோ, விடை கூறாது விழிப்பர்.

இக்கலாசாலையை விட்டுச் சென்று முதல் உத்தியோகம் பெற்றோரும், இறுதி வகுப்பிற் பயில்வோரும், ஆசிரியரிற் சிலரும், "நகரத்திற் செல்வதற்கு விலை குறைந்த வண்டி எதனை வாங்கலாம்?" என்று உசாவுவது இக்காலத்து வழக்கமாய்விட்டது. இவ்வினாவிற்குப் பொதுவாக விடை கூறுதல் எளிது. எளிதாகையாற் பயனும் குறைவு. ஊர்தோறும் சாலை வேறு, கூட்டம் வேறு. ஆதலின், நம் பழைய மாணாக்கர் பலர் வதியும் திருவண்ணாமலையில், ரமணாசிரமப் பகுதியை இடமாக வைத்துக்கொண்டு யாம் கருதுவதைக் கூறுவாம். வேற்றூரார் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்க.

அப்பகுதியை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். பெரிய கோயிலினின்று தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில், செங்கம் சாலையின்மேல் ஸ்ரீ ரமணாசிரமம் உள்ளது. மலையை வலம்வருவோர் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையின் ஒரு பகுதியும் அச்சாலையே. கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் அதுவே. பேருந்தும், சரக்கு லாரியும், ஆட்டோவும், கரும்பு ஏற்றிய டிராக்டரும் ஒருபுறம். வெறுங்காலோடு நடக்கும் அடியாரும், சாதுக்களும், குளிர்காலத்து வந்து தங்கும் வெளிநாட்டாரும், மாடும், மயிலும், குரங்கும் மற்றொருபுறம். இவ்விருவகையும் ஒரே சாலையிற் கலந்து செல்வது அவ்விடத்தின் இயல்பு. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் அவ்வூருக்கு வந்து, 1950 ஏப்ரலில் உடல் நீங்கும்வரை அவ்வூரை விட்டு வெளிச்செல்லாத ஒருவரின் பெயரைத் தாங்கிய பகுதியிலே, விரைந்து செல்லும் வண்டியைப்பற்றி இன்று யாம் ஆராயப் புகுவது சிறிது நகைப்பிற்கு இடமாகும். ஆயினும் அங்கு வாழ்வோர்க்கும் பாலும், பள்ளியும், உத்தியோகமும் உளவன்றோ! வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு நாடோறும் செல்லும் குமாஸ்தா ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லவேண்டும். அவருக்கு வண்டி வேண்டுவதே.

இச்சாலையில் ஒருவன் எவ்வேகத்தில் செல்லல் இயலும்? பகலில் முப்பது முதல் நாற்பது கிலோமீட்டர். மாடவீதிகளை அணுகினால் அதுவும் இல்லை. இயலும் வேகம் இதுவாயின், அதற்கு வேண்டும் ஆற்றல் எவ்வளவு? சமநிலத்தில் இருவரை ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்திற் செல்வதற்கு, நூறு சி.சி. இயந்திரம் தரும் ஏறத்தாழ எட்டுக் குதிரையாற்றலில் ஒரு சிறு பங்கே போதும். எஞ்சியது ஏற்றத்திற்கும், பிற வண்டியைக் கடப்பதற்கும் உதவும். இருநூறு சி.சி. உடைய வண்டியை அச்சாலையிற் செலுத்துவோன் அவ்வாற்றலில் பெரும்பகுதியைச் செலவிட இடம் காணான். இடம் கண்டானாயின் அது பிறர்க்குத் தீங்காய் முடியும்.

இதனை வெறும் அச்சுறுத்தலாக யாரும் கொள்ளவேண்டா, கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பது கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் செல்லும். அறுபதில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். எதிரே ஒரு முதியவள் சாலையைக் கடப்பதைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு வேண்டும் தூரமோ, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாற்பது அறுபதானால் ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும். வலம்வருவோர் இரவிலேயே மிகுதியாக நடப்பர். பலர் சாலையின் ஓரத்தை விட்டு நடுவே செல்வர்; பின்வரும் ஒலியைப் பொருட்படுத்தார். அங்கு வண்டி செலுத்துவோன் தன் வண்டி எத்துணை விரைவில் ஓடும் என்பதைக் காட்டிலும் எத்துணை விரைவில் நிற்கும் என்பதையே முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் நூறு சி.சி. வண்டி தோன்றிய வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் தோன்றித் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிற் புல்லட் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் மைசூரில் ஜாவாவும், வடக்கே ராஜ்தூத்தும் வந்தன. ஸ்கூட்டர் வேண்டுவோர் பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. மோட்டார் சைக்கிள் அக்காலத்தில் போலீஸ் அதிகாரிக்கும், பெருநிலக்கிழாருக்கும், பால்காரருள் வசதியுடையார்க்கும் உரியதாயிருந்தது. 1980இல் ஒசூரிலிருந்து இருவர் அமர்ந்து செல்லத்தக்க டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து வந்தன: ஒசூரில் இண்டு-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா சி.டி. 100, எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்.எக்ஸ். 100. இவற்றுள் சி.டி. 100 நான்கு வீச்சு இயந்திரம் உடையது. பெட்ரோலிற் சிக்கனம் மிக்கது. கிராமத்து உபாத்தியாயரும், கூட்டுறவுச் சங்கத்து எழுத்தரும், காப்புறுதி முகவரும் தம் சம்பளத்தில் வண்டி வாங்கத் தலைப்பட்டது அதன் பின்னரே. 1994இல் வந்த ஸ்பிளெண்டரும் அதே 97.2 சி.சி. அளவினது, இன்றும் அவ்வளவிலேயே விற்கப்படுகின்றது. நாற்பதாண்டு கடந்தும் ஓர் இயந்திர அளவு மாறாது நிற்பது, அது பெரும்பான்மையோர் தேவைக்குப் போதுமென்பதற்குச் சான்றன்றோ?

ஆயினும் நம் மாணாக்கர் அதனை விரும்புகின்றிலர். "அது தந்தையார் காலத்து வண்டி" என்பது அவர் கூறும் காரணம். ரமணாசிரமப் பகுதியில் இவ்வெண்ணத்திற்குத் துணையாய் நிற்பது புல்லட் வண்டி. குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கும் வெளிநாட்டாருட் சிலர் அதனை வாடகைக்கு எடுத்து ஊர்ந்து செல்வர். அவர்க்கு அது சில திங்கள் விளையாட்டு. முடிந்தபின் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவர். அதனைக் கண்டு, பத்து மைல் சுற்றளவிலேயே தன் வாழ்நாள் முழுதும் உழலப்போகும் நம் இளைஞன் அத்தகையதையே விரும்புகின்றான். இன்றைய புல்லட்டின் எடை ஏறத்தாழ 195 கிலோ. ஹோண்டா ஷைன் 100 வண்டியின் எடை 99 கிலோ. முன்னது பின்னதைப்போல் இருமடங்கு. நெடுஞ்சாலையில் இவ்வெடை ஒரு நிலைப்பைத் தரும் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் ஆசிரமத்திற்கு எதிரேயுள்ள சந்துகளில் வண்டியைத் திருப்பி நிறுத்துவோனும், வாடகை வீட்டுத் திண்ணைமேல் இரவு ஏற்றிவைப்போனும் அவ்வெடையைத் தன் இடுப்பினாலன்றோ தாங்கவேண்டும்! சித்திரை வெயிலிற் கூட்டத்திடையே ஊர்ந்து செல்லும்போது காற்றாற் குளிரும் பெரிய இயந்திரம் தொடையைச் சுடுவதும் ஒரு பயனாகாது.

எடையைப்பற்றி இன்னும் ஒரு செய்தி. பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தன்றும், வலம்வரும் பாதையில் வண்டிகள் தடுக்கப்படும். அப்பகுதியில் வசிப்போர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடக்கவோ, இயந்திரத்தை நிறுத்திக் கையாற் தள்ளிச் செல்லவோ நேரிடும். ஆண்டிற் பன்னிரண்டு முறைக்குக் குறையாது இது நிகழும். வண்டி விற்போர் தரும் அச்சிட்ட தாளில் "தள்ளுதற்கு எளிது" என்றொரு தலைப்பு இல்லை, இருத்தல் வேண்டும்.

இனிப் பணத்தைக் கருதுவாம். 2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளின் ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28 என்பதினின்று 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதன்பின் நூறு, நூற்றுப்பத்து சி.சி. வண்டிகள் கடைவிலையில் ஏறத்தாழ 55,000 ரூபாயிலிருந்து 80,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இதனோடு சாலைவரி, பதிவுச் செலவு, காப்புறுதி ஆகியன சேரும். தமிழ்நாட்டிற் புதிய இருசக்கர வண்டியின் சாலைவரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு நூற்றுக்குப் பத்தும், அதற்கு மேற்பட்டதற்குப் பன்னிரண்டும் ஆயிற்று. 2018 செப்டம்பர் முதல், புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்புறுதியை ஐந்தாண்டிற்கும் ஒருங்கே செலுத்தவேண்டும் என்னும் விதியும் வந்தது. விளம்பரப் பலகையில் எழுதிய விலையை மட்டும் எண்ணிப் பணம் சேர்த்துக்கொண்டு கடைக்குச் செல்வோன், எஞ்சியதற்குக் கடன் வாங்குவது இதனாலேதான்.

கடன் என்றோம்; இங்குச் சிறிது நின்று கூறவேண்டும், ஏனெனின் நம் மாணாக்கர் குடும்பங்கள் துன்புறுவது இங்கேயாகும். வண்டிக்கடையின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் கடன் முகவர், "வட்டி நூற்றுக்குப் பத்தே" என்பார். அப்பத்து எவ்வகைப் பத்து என வினவுவோர் அரியர். 60,000 ரூபாய் மூன்றாண்டிற்குக் கடன் பெறுவதாகக் கொள்க. நிலைவட்டி முறையில், ஆண்டிற்கு 6,000 வீதம் மூன்றாண்டிற்கும் 18,000 ரூபாய் வட்டி என முதலிலேயே கணக்கிட்டு, 78,000 ரூபாயை முப்பத்தாறு தவணையாகப் பகுப்பர். திங்கட்டோறும் 2,167 ரூபாய் கட்டவேண்டும். பாதிக் கடன் தீர்ந்தபின்னும், முழுத் தொகைக்கும் வட்டி கட்டுவதாகவே இக்கணக்கு அமைந்துள்ளது. குறைந்துவரும் முதலுக்கு மட்டும் வட்டி கட்டும் முறையோடு ஒப்பிட்டால், இந்தப் பத்து ஏறத்தாழப் பதினெட்டாகும். கணித வகுப்பிற் கூட்டுவட்டியை விரைவாகக் கணக்கிடும் பிள்ளைகள், தம் தந்தையார் கையெழுத்திடும் இத்தாளை ஒருமுறை வாங்கிப் படிப்பாராயின், அக்கல்வி வீட்டிற்குப் பயன்பட்டதாகும். நிலைவட்டியா, குறையும் முதலின் வட்டியா என்று கேட்பதற்கு நாணவேண்டுவதில்லை.

பெரிய வண்டியை விரும்புவோர் கூறும் மற்றொரு சொல்: "பெட்ரோற் செலவு சிறிதே கூடும்; அதனால் என்ன?" இதிற் பாதி உண்மை உண்டு. நாள் ஒன்றுக்கு இருபது கிலோமீட்டர் வீதம் ஆண்டிற்கு முந்நூறு நாள் ஓட்டுவதாயின் ஆறாயிரம் கிலோமீட்டர் ஆம். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 100 லிட்டர். நாற்பது தருவதற்கு 150 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயெனக் கொண்டால், ஆண்டிற்கு வேறுபாடு 5,000 ரூபாய். இது சிறு தொகையன்று; ஆயினும் விலையிலும் வட்டியிலும் நேரும் வேறுபாட்டை நோக்கச் சிறிதே. ஆகவே, நூறு சி.சி. வண்டிகளுள் ஒன்று லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதலாகத் தருமென்று கடைகடையாய் அலைந்து வாதிடுவோரும் வீண் தொழில் செய்பவரே. அவ்வேறுபாடு டயரில் காற்றுக் குறைந்தால் மறைந்துபோகும்.

"வேலூருக்கும் சென்னைக்கும் செல்லவேண்டுமே, நூறு சி.சி. தாங்குமோ?" என்பாரும் உளர். வேலூர் எண்பது கிலோமீட்டர் அளவினது, நூறு சி.சி. வண்டி அத்தூரத்தைத் தாங்கும், ஓட்டுவோனின் முதுகுதான் தாங்காது. சென்னைக்குச் செல்வதற்குப் பேருந்து உள்ளது. ஆண்டில் நான்கு நாள் செல்லும் வழியின் பொருட்டு, முந்நூறு நாள் செல்லும் வழிக்கு ஒவ்வாத வண்டியை வாங்குதல், பண்டிகைக்கு வரும் விருந்தினரை எண்ணி நாடோறும் அண்டாவிற் சோறு சமைப்பதை ஒக்கும்.

இனி எதனை வாங்குவது? சிறு வண்டிகளுக்குள் உள்ள வேறுபாடு பெரிதன்று. எனினும் ஆளுக்கேற்ற வேறுபாடு உண்டு. இருக்கையில் அமர்ந்து இருகாலும் தரையிற் படிய ஊன்றமாட்டாதார்க்கு, எடை குறைந்த ஷைன் 100 எளிதாகும். குழிநிறைந்த மண்பாதை வழியே ஊர்ப்புறத்திலிருந்து வருவோர்க்குப் பஜாஜ் பிளாட்டினாவின் மெத்தென்ற சாய்ப்பு இதமானது. அதன் பெட்ரோல் தொட்டியும் 11 லிட்டர் கொள்ளும். விலையே முதன்மையெனக் கருதுவோர், 109.7 சி.சி. இயந்திரமுடைய டி.வி.எஸ். ஸ்போர்ட்டைக் காண்க. ஸ்பிளெண்டரின் விலையிற் பெயருக்காகவும் ஒரு பங்கு கொடுக்கின்றோம் என்பது எம் எண்ணம். ஆயினும் அப்பெயர் விற்கும்போது திரும்பி வருகின்றது. அதன் உதிரிப்பாகம் கிடைக்காத ஊரும், அதனைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கும் தமிழ்நாட்டில் அரியர். மூன்றாண்டு ஓடிய ஸ்பிளெண்டரை ஒரே கையிலிருந்து வாங்கக் கிடைக்குமாயின், புதிய வண்டிக்குக் கடன்படுவதினும் அதுவே நன்றென்போம். அவ்வாறு வாங்குவோர், பதிவுச் சான்றிலுள்ள எண்களை வண்டியின் சட்டத்திலும் இயந்திரத்திலும் வெட்டியுள்ள எண்களோடு ஒத்துப் பார்க்க. பழைய கடன் நீங்கியதென்னும் குறிப்பைக் காண்க. குளிர்ந்த இயந்திரத்தைத் தாமே இயக்கி, நீலப்புகை வருகின்றதா என நோக்குக. விற்போன் முன்னரே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருப்பானாயின், மறுநாட் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புக.

யாம் மிகவும் பரிந்து பேச விரும்புவது வேறொன்று. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 என்னும் வண்டியை நம் மாணாக்கர் ஏளனம் செய்கின்றனர். பூக்காரரும், காய்கறி விற்போரும், தண்ணீர்க் குடம் சுமப்போரும் ஓட்டுவது அது என்பதே காரணம். 99.7 சி.சி. நான்கு வீச்சு இயந்திரம். கியர் மாற்றும் வேலையில்லை. கிளச்சுப் பிடிக்க வேண்டுவதில்லை. முன்புறம் தட்டையான இடம் இருத்தலின் அரிசி மூட்டையும் வைக்கலாம். சேலை உடுத்தோரும் எளிதில் ஏறி ஓட்டலாம். நின்று நின்று செல்லும் மாடவீதிக்கு இதனினும் பொருந்திய அமைப்பை யாம் கண்டிலோம். ஒரு வீட்டில் தாயும், தந்தையும், கல்லூரி செல்லும் மகளும் மாறிமாறி ஓட்டத்தக்க வண்டி ஒன்றே வாங்க இயலுமாயின், இதனை விலக்குவதற்கு நாணம் தவிர வேறு காரணம் எதுவும் எமக்குப் புலப்படவில்லை. இதன் பெட்ரோல் தொட்டி சிறிது, ஏறத்தாழ நான்கு லிட்டரே. நெடுஞ்சாலையில் இது தளரும். இக்குறைகள் உண்டு.

மின்சார ஸ்கூட்டரையும் சிலர் கேட்பர். தரைத்தளத்தில் சொந்த வீடும், வண்டி நிற்குமிடத்தில் மின்னிணைப்பும் உடையார்க்கு அது தக்கதாகலாம். மாடியறையில் வாடகைக்கு இருக்கும் மாணாக்கன் மூன்று மாடிக்கு மின்கம்பி இழுத்துத் தொங்கவிடுதல் ஆகாது. அவனுக்குச் சைக்கிள் உள்ளது. ஆசிரமத்திலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டரே என்பதை முன்னரே கூறினோம். மகளிர்க்கோ, 2021 மே முதல் அரசின் சாதாரண நகரப்பேருந்துகளிற் கட்டணமின்றிச் செல்லும் உரிமை உண்டு. வண்டியே வேண்டாதார் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்த்தலும் சிக்கனத்தின் பகுதியே.

சிறிய வண்டியை வாங்குக என்றோம். அதனால் மிஞ்சும் பணத்தை எங்குச் செலவிடுவது? பிரேக்கிலும் தலைக்கவசத்திலும் என்போம். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகட்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், 125 சி.சி. வரையுள்ளவற்றிற்குக் குறைந்தது இருபிரேக்கும் இணைந்த அமைப்பும் வேண்டுமென விதி வந்தது. இணைந்த அமைப்பில், காலாற் பின்பிரேக்கை அழுத்தும்போது முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். பெரிய வண்டிக்கு ஏ.பி.எஸ். உண்டு, சிறியதற்கு இல்லையே என்று எம்மை மடக்குவோர் உளர், அம்மறுப்பு நேர்மையானதே. மழைநாளிற் சிமெண்டுச் சாலையில் மெல்லிய டயர் வழுக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியை அறுபதிலும், இல்லாததை முப்பத்தைந்திலும் ஓட்டுவராயின், முன்னதைப் பாதுகாப்பானதென்று கூற இயலாது. வாங்குவோர் இயன்றால் முன்சக்கரத்தில் தட்டுப்பிரேக் உள்ள வகையைக் கொள்க. தேய்ந்த டயரை இன்னும் ஒரு திங்கள் ஓட்டலாம் என்று ஒத்திவையாதிருத்தலே எல்லாவற்றினும் மேலான அமைப்பு.

தலைக்கவசம் பற்றிச் சட்டம் தெளிவாகவே உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் விதி உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி, 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுவோரும் பின்னிருப்போரும் அணியவேண்டுமென வற்புறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் தண்டத்தொகை 1,000 ரூபாயாயிற்று. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்றல் ஆகாதென்றாயிற்று. இத்தனையும் இருக்க, செங்கம் சாலையிற் காணும் காட்சி யாது? ஓட்டும் ஆடவன் தலையில் கவசம் இருக்கும். அதுவும் போலீசார் நிற்கும் இடத்தை எண்ணி. பின்னே ஒருபக்கமாய் அமர்ந்து, ஒருகையிற் குழந்தையையும் மறுகையிற் பையையும் பற்றிய மனைவியின் தலையில் மல்லிகைப்பூவே இருக்கும். வண்டி சாய்ந்தால் முதலில் வீசப்படுவது அவள். அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து வண்டி வாங்கும் வீட்டார், ஆயிரத்தைந்நூறு ரூபாயை இரண்டாம் கவசத்திற்குச் செலவிடுவதில்லை. பெண்ணின் தலை அவ்வீட்டாரின் கணக்கில் வராதது எங்ஙனம் என்பதை யாம் பலமுறை எண்ணியும் அறிந்திலோம். பூ கசங்கும் என்பர். கசங்கட்டுமே!

புதிய இருசக்கர வண்டியை விற்கும்போது முத்திரையுள்ள தலைக்கவசம் ஒன்றைச் செய்வோர் தருதல் வேண்டுமென மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. கேட்டு வாங்குக. கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஒரே அளவினதாயிருக்கும். ஆடவன் தலைக்குப் பொருந்துவது பெண்ணின் தலையிற் சுழலும். சுழலும் கவசம் அடிபடும் நேரத்திற் கழன்று விழும். ஆகவே வண்டியைத் தெரிந்தெடுக்கும் நாளிற் பின்னிருப்போரையும் அழைத்துச் செல்க. அவர் இருக்கையில் ஏறி அமர்ந்து பார்க்கட்டும். கால் வைக்கும் கட்டை எட்டுகின்றதா, பிடிக்கும் கம்பி கைக்கு அகப்படுகின்றதா, சேலை சக்கரத்திற் சிக்காமற் காக்கும் தடுப்பு முழுமையாக உள்ளதா என்று அவரே கூறட்டும். விளையாட்டு வகையெனப் பெயர்பெற்ற பெரிய வண்டிகளிற் பின்னிருக்கை குன்றுபோல் உயர்ந்து, தலையணை அளவே நிற்பது, அவ்வண்டியைச் செய்தோர் அவரை எண்ணவேயில்லை என்பதற்கு அடையாளம். கடையிலேயே அவர் தலைக்கும் ஒரு கவசத்தை அளவு பார்த்து எடுத்துவிடலாம்.

இன்னும் ஒன்று. புது வண்டியைப் பௌர்ணமியன்று வீட்டிற்கு எடுத்து வருதல் நன்றெனப் பெரியோர் சிலர் கூறுவர். ரமணாசிரமப் பகுதியார்க்கு அஃது இயலாது. பௌர்ணமித் திதி இருநாளிற் பரவி நிற்பதும் உண்டு. அவ்விரு நாளும் கூட்டம் ஓயாது. வண்டி கடையிலிருந்து புறப்பட்டு ஊரெல்லையிலேயே நின்றுவிடும். ஒருநாள் கழித்து, பகல் வெளிச்சத்தில், பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, இருவரும் கவசம் அணிந்து வருக.